சோனாகாச்சிப் பெண்கள் தரும் படிப்பினை

(மோட்டார் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்தக் கூட்டத்தின் நோட்டீசில் “ஆணுறை” என்ற வார்த்தையை அச்சிடலாமா, கூடாதா என்று நமது சங்கக் கமிட்டியில் ஒரு மணி நேரத்திற்கு மேல் விவாதம் நடந்தது. “சுகாதாரக் கூட்டம் என்று மட்டும் போட்டால் போதும்” என்றார்கள் சிலர். “பெண்கள் வரும் கூட்டத்தில் இதைப் பேசிவிட்டு நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பது?” என்று கேட்டார்கள் வேறு சிலர். கடைசியில் அச்சிடுவது என்றே முடிவு செய்தோம். வியாதியின் பெயரைச் சொல்லலாம், அதைத் தடுக்கும் சாதனத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்றால், அப்புறம் நாம் எதற்காகக் கூடுகிறோம்? கூச்சம் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல், கடைசி நாளில் படுக்கையில் கிடந்து மடிந்தவர்கள் நமது தொழிலில் உண்டு. அவர்களுடைய விதவைகள் உண்டு. அந்தக் கூச்சத்திற்கு நாம் கொடுத்த விலை போதும்.

முதலில் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். எச்.ஐ.வி. என்பது ஒரு கிருமி. அது உடலின் எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்ல அரித்துவிடுகிறது. பல வருஷங்கள் வெளியே ஒன்றும் தெரியாது. ஆள் திடகாத்திரமாக இருப்பார். வண்டி ஓட்டுவார், மூட்டை தூக்குவார். ஆனால் கிருமி அவரிடமிருந்து மற்றவருக்குப் போய்க்கொண்டிருக்கும். பாதுகாப்பற்ற உடலுறவால் பரவும். கிருமியுள்ள ரத்தத்தால், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவதால் பரவும். தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும். கை குலுக்குவதால் பரவாது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. கொசுக்கடியால் பரவாது. ஒவ்வொரு முறையும், சரியான முறையில் ஆணுறையை உபயோகித்தால், உடலுறவால் பரவுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். “ஒவ்வொரு முறையும்” என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அந்த வார்த்தையில்தான் இன்றைய நமது பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

சென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது வேறெங்கோ அல்ல, நமது சென்னையில்தான். 1986-ம் வருஷம் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனீதி சாலமனும், அவரிடம் பயின்ற நிர்மலாவும் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார்கள். போலீசார் பிடித்து அரசாங்க விடுதியில் அடைத்து வைத்திருந்த பெண்களின் ரத்தத்தை எடுத்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். ஆறு பேருடைய ரத்தத்தில் கிருமி இருந்தது. “இது மேல்நாட்டு வியாதி, நமது புண்ணிய பூமிக்கு வராது” என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அடுத்து நடந்தது என்ன? வியாதியைப் பிடிப்பதற்குப் பதிலாக வியாதிப்பட்டவர்களைப் பிடித்தார்கள். கிருமி கண்ட பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் அடைத்து வைத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான், 1990-ல், அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அந்தப் பெண்களுக்குக் கிருமியைக் கொடுத்த ஆண்களை யாராவது பிடித்தார்களா? ஒருவரையும் இல்லை. கிருமி ஆண்களோடு சேர்ந்து ரயிலேறியது, லாரி ஏறியது, வீட்டுக்கு வந்தது, மனைவியைத் தொட்டது, வயிற்றிலிருந்த பிள்ளையைத் தொட்டது.

அடைத்து வைப்பதால் வியாதி அடங்காது, பயந்தவர்கள் ஒளிந்துகொள்வார்கள், ஒளிந்த இடத்தில் கிருமி வளரும் என்பது மெதுவாகத்தான் அதிகாரிகளுக்குப் புரிந்தது. 1992-ல் தேசிய அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு ஸ்தாபனம் ஏற்பட்டது. 1994-ல் தமிழ்நாட்டில் இதற்கெனவே ஒரு சங்கம் ஏற்பட்டது. பிற மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத்தான் பின்னால் தங்கள் சங்கங்களை அமைத்தன. சுவரெல்லாம் விளம்பரம், ரேடியோவில் பிரசாரம், பெட்டிக்கடையில் ஆணுறை என்று வேலை நடந்தது. இதையெல்லாம் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நல்ல காரியத்தை நல்ல காரியம் என்றே சொல்வோம். ஆனால் ஒரு கேள்வி பாக்கி நின்றது.

தெரிந்தால் மட்டும் போதுமா?

ஆணுறை நல்லது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியும். கையில் ஆணுறையும் இருக்கிறது. இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வந்தவன் “வேண்டாம்” என்கிறான். “நீ மாட்டேன் என்றால் பக்கத்து வீட்டுக்குப் போகிறேன்” என்கிறான். அவளுக்கோ வாடகை பாக்கி. வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். ஊரில் குழந்தைக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும். அவள் என்ன செய்வாள்? படித்த பிரசுரத்தை எடுத்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சம்மதிப்பாள்.

தோழர்களே! இந்த நிலைமை நமக்குப் புதிதா? தனியாகப் போய் “எட்டு மணி நேரத்திற்கு மேல் ஓட்டமாட்டேன்” என்று முதலாளியிடம் சொன்ன டிரைவருக்கு என்ன பதில் கிடைத்தது? “உனக்கு இஷ்டமில்லை என்றால் சாவியை வை, வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள்” என்பதுதானே! இரண்டு இரவு தூங்காமல் ஓட்டினால் உயிருக்கு ஆபத்து என்பது அந்த டிரைவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவரிடம் குறைந்திருந்தது அறிவு அல்ல, பலம். தனி ஆளுக்குப் பலம் கிடையாது என்பதால்தான் நாம் சங்கம் வைத்தோம்.

இதே உண்மையைக் கல்கத்தாவில் சில ஆயிரம் பெண்கள் தங்கள் வாழ்க்கையில் கண்டுபிடித்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம்.

சோனாகாச்சியில் நடந்தது

வட கல்கத்தாவில் சோனாகாச்சி என்று ஒரு பகுதி. நாட்டின் மிகப் பெரிய சிவப்பு விளக்குப் பகுதிகளில் ஒன்று. 1992-ல் அகில இந்திய சுகாதார, பொதுச் சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்மரஜித் ஜனா அங்கு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அப்போது அங்கே ஒழுங்காக ஆணுறை உபயோகித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறவில்லை.

வழக்கமாக என்ன செய்வார்கள்? படித்த உத்தியோகஸ்தர்கள் ஜீப்பில் வந்து இறங்குவார்கள், உபதேசம் செய்வார்கள், போய்விடுவார்கள். அங்கே வேறு விதமாக நடந்தது. அந்தப் பகுதிப் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அவர்களையே சுகாதார ஊழியர்களாக ஆக்கினார்கள். பச்சை நிற மேலங்கியும், அடையாள அட்டையும் கொடுத்தார்கள். நேற்றுவரை போலீசைக் கண்டால் ஓடி ஒளிந்த பெண், இன்று ஊழியர் என்ற அட்டையோடு வீடு வீடாகப் படியேறினாள். உபதேசம் செய்ய அல்ல. தன்னைப் போன்ற இன்னொருத்தியுடன் உட்கார்ந்து பேச. அங்கேயே வைத்திய நிலையமும் திறந்தார்கள். கட்டாயப் பரிசோதனை கிடையாது, மிரட்டல் கிடையாது.

பேசப் பேச, ஆணுறைக்கு நடுவில் நிற்கும் தடைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்று, கந்துவட்டி. கடன்பட்டவளால் யாரையும் மறுக்க முடியாது. இரண்டு, போலீஸ் சோதனையும் ரௌடிகளின் மாமூலும். அடிக்குப் பயந்தவளால் பேரம் பேச முடியாது. மூன்று, போட்டி. ஒருத்தி மறுத்தால் வருகிறவன் அடுத்த வீட்டுக்குப் போகிறான். இந்த மூன்றையும் தொடாமல் ஆணுறையை மட்டும் கையில் திணித்தால் பலனில்லை என்று அந்தப் பெண்களே கண்டார்கள்.

ஆகவே 1995-ல் ஸ்தாபனம் கட்டினார்கள். துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்று அதற்குப் பெயர். “துர்பார்” என்றால் வங்காளியில் தடுத்து நிறுத்த முடியாதது என்று பொருள். அதே வருஷம் “உஷா” என்ற பெயரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் தொடங்கினார்கள். அதைப் பதிவு செய்யப் போனபோது ஒரு முட்டுக்கட்டை. கூட்டுறவுச் சட்டத்தில் அங்கத்தினர்கள் “நல்லொழுக்கம்” உடையவர்களாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. “குடும்பப் பெண்கள் என்று எழுதிக் கொடுங்கள், பதிவு செய்துவிடலாம்” என்று யோசனை சொல்லப்பட்டது. அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. “எங்கள் தொழிலை மறைத்துப் பொய் சொல்லமாட்டோம்” என்று நின்றார்கள். அப்போது மேற்கு வங்கத்தில் இடதுசாரி முன்னணி அரசாங்கம். பெண்கள் விடாமல் வாதாடினார்கள்; விதி அவர்களுக்கு வழிவிட்டது; கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. நாணயஸ்தர்கள் என்று பெயர் வாங்கிய எத்தனையோ பெரிய மனிதர்கள் கூட்டுறவு வங்கிகளை விழுங்கி ஏப்பம் விட்டதை நாம் பார்த்திருக்கிறோம். நல்லொழுக்கம் என்பது எங்கே இருந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கூட்டுறவில் சேமிப்பு வந்தது. குறைந்த வட்டியில் கடன் வந்தது. வட்டிக்காரன் பிடி தளர்ந்தது. சங்கம் வந்ததால் போலீசிடம் போய்ப் பேச ஆள் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவன் ஆணுறை வேண்டாமென்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனால், அங்கேயும் “முடியாது” என்ற பதில் வந்தது. அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில். அப்புறம் அவன் எங்கே போவான்?

பலன் என்ன? 1990-களின் கடைசியில் அங்கே பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஆணுறையை வற்புறுத்தத் தொடங்கிவிட்டார்கள். அதே காலத்தில் மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதிகளில் பரிசோதிக்கப்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு மேல் கிருமி கண்டிருந்தது. சோனாகாச்சியில் அது நூற்றுக்குப் பத்துப் பேர் என்ற அளவைச் சுற்றியே நின்றது. இரண்டும் இந்திய நகரங்கள்தான், இரண்டிலும் வறுமைதான், இரண்டிலும் அதே ஆணுறைதான். வித்தியாசம், பெண்களின் ஸ்தாபன பலம். 1999-ல் அந்தத் திட்டத்தை நடத்தும் பொறுப்பையே துர்பார் ஏற்றுக்கொண்டது. டாக்டர் ஜனா 2021 மே மாதம் கொரோனாவுக்குப் பலியானார். அவர் விட்டுச் சென்ற வேலையை அந்தப் பெண்கள் செய்துவருகிறார்கள்.

தாய்லாந்தும் சோனாகாச்சியும்

இன்னொரு உதாரணத்தையும் பார்ப்போம். தாய்லாந்தில் 1989-ல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி, 1991-ல் நாடு முழுவதும் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். விடுதிகளில் நூற்றுக்கு நூறு ஆணுறை என்பது அதன் பெயர். ஆணுறை இல்லாமல் அனுமதிக்கும் விடுதியைச் சர்க்கார் மூடலாம். எல்லா விடுதிக்கும் ஒரே விதி என்பதால் ஒரு முதலாளி இன்னொருவரைக் காட்டித் தப்ப முடியவில்லை. 1989-ல் விடுதிகளில் நூற்றுக்குப் பதினான்கு என்று இருந்த ஆணுறை உபயோகம், சில வருஷங்களில் தொண்ணூறைத் தாண்டியது. சர்க்கார் வைத்திய நிலையங்களுக்கு வரும் பால்வினை நோயாளிகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. பட்டாளத்தில் புதிதாகச் சேரும் வாலிபர்களிடையே 1993-ல் நூற்றுக்கு நான்கு என்று ஏறியிருந்த கிருமி, பிறகு இறங்கத் தொடங்கியது.

ஆக, ஆணுறையால் கொள்ளைநோயைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு ஒரு நாடே பதில் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே விதி மேலிருந்து வந்தது. அமல் செய்ய வைத்தவர்கள் அதிகாரிகளும் போலீசும் விடுதி முதலாளிகளும். பெண்கள் பரிசோதிக்கப்படுகிறவர்களாகத்தான் இருந்தார்கள். சோனாகாச்சியில் பெண்களே விதி செய்தார்கள். அவர்களே அமல் செய்தார்கள். மேலிருந்து வந்த விதி சர்க்காரின் அக்கறை இருக்கும்வரை நிற்கும். கீழிருந்து கட்டிய சங்கம் சர்க்கார் முகம் திருப்பினாலும் நிற்கும். இந்த வித்தியாசத்தை நாம் மறக்கக்கூடாது.

நமக்குள் எழும் கேள்வி

சில தோழர்கள் கேட்கிறார்கள்: “உடலை விற்கும் கொடுமையை ஒழிக்க வேண்டும் என்பதல்லவா நமது கட்சியின் கொள்கை? அந்தப் பெண்களுக்குச் சங்கமும் ஆணுறையும் கொடுப்பது அந்தக் கொடுமையை நிரந்தரமாக்காதா?”

கேள்வி நியாயமானது. மழுப்பாமல் பதில் சொல்வோம். நிலமில்லை, வேலையில்லை, கைவிட்ட புருஷன், பசித்த பிள்ளை என்ற நிலைமைகள் இருக்கும்வரை பெண்கள் அந்தத் தெருவுக்குத் தள்ளப்படுவார்கள். அந்த நிலைமைகளை மாற்றுவதே நமது லட்சியம். அதில் மாற்றமில்லை. ஆனால் சுரங்கம் சமுதாயத்தின் சொத்தாகும் வரையில் சுரங்கத் தொழிலாளிக்குத் தலைக்கவசம் வேண்டாம் என்று எந்தக் கம்யூனிஸ்டாவது சொல்வாரா? லட்சியம் நாளைக்கு என்றால், உயிர் இன்றைக்கு. மேலும், தனக்கென்று சங்கமும் சேமிப்பும் உள்ள பெண்தான் வேண்டாமென்று வெளியேறவும் முடியும். சிறுமிகள் அந்தப் பகுதிக்குக் கொண்டுவரப்படுவதைக் கண்டுபிடித்துத் தடுக்கத் தாங்களே குழுக்கள் அமைத்தவர்களும் அந்தத் துர்பார் பெண்கள்தான். போலீஸ் சோதனை செய்யாத காரியத்தைச் சங்கம் செய்தது.

இன்றைய நிலைமை

நிலைமை முன்னேறியிருக்கிறது. 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாக மருந்து கொடுக்கிறார்கள். தாம்பரம் ஆஸ்பத்திரி அதில் முதல் சில இடங்களில் ஒன்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவால் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது என்று வைத்திய சாஸ்திரம் இன்று உறுதியாகச் சொல்கிறது. 2017-ல் வந்த சட்டம், கிருமி இருப்பதைக் காட்டி வேலையை விட்டு நீக்குவதையும், சம்மதமில்லாமல் பரிசோதிப்பதையும் தடை செய்கிறது. 2022 மே 19-ல் சுப்ரீம் கோர்ட், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்திற்குச் சாட்சியமாகக் கொள்ளக்கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் ராத்திரி ரோந்து போகும் போலீஸ்காரருக்கு அந்த உத்தரவு எட்டியிருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலை? நமது வேலை.

ஆபத்தும் இருக்கிறது. 1966-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மத்திய சர்க்கார் தொடங்கிய கம்பெனி இந்துஸ்தான் லேடக்ஸ். “நிரோத்” என்ற பெயரில் ஏழைக்கும் எட்டும் விலையில் ஆணுறை செய்து கொடுத்தது அந்தப் பொதுத்துறைத் தொழிற்சாலைதான். 2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் அதைத் தனியாருக்கு விற்க விண்ணப்பம் கோரியது. லாபத்திற்காக ஆணுறை செய்கிறவன் வாசனையும் வர்ணமும் சேர்த்துப் பெரிய கடையில் விற்பான். சோதனைச்சாவடி ஓரத்துப் பெட்டியில் இலவசமாகப் போடமாட்டான். 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் தனது வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எச்.ஐ.வி. தடுப்பு வேலைகள் ஸ்தம்பித்தன. பிறத்தியார் தயவில் நிற்கும் சுகாதாரம், அந்தப் பிறத்தியார் கையை உதறினால் விழுந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, நமது சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. லாரி ஸ்டாண்டு, சோதனைச்சாவடி, சரக்குக் கிடங்கு ஆகிய எல்லா இடங்களிலும் இலவச ஆணுறைப் பெட்டி இருக்க வேண்டும். அது காலியாக இருக்கக்கூடாது. பரிசோதனை நமது விருப்பத்தின் பேரில், ரகசியமாக நடக்க வேண்டும். கிருமி கண்டவரை எந்த முதலாளியும் வேலையிலிருந்து நீக்கக்கூடாது. நீக்கினால் சங்கம் சும்மா இராது. மாதக்கணக்கில் வீட்டுக்கு விடாமல் ஓட வைக்கும் முறை ஒழிய வேண்டும். ஓய்வும் விடுமுறையும் இல்லாத வாழ்க்கை குடிக்கும் தவறான வழிக்கும் தள்ளுகிறது என்பதை முதலாளிகள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆணுறை செய்யும் பொதுத்துறைத் தொழிற்சாலை பொதுத்துறையிலேயே இருக்க வேண்டும்.

கோரிக்கை சர்க்காரிடமும் முதலாளியிடமும் மட்டுமல்ல, நம்மிடமும் உண்டு. அந்தத் தெருவில் “வேண்டாம்” என்று சொல்கிற ஆண் யார்? அவன் வேறு உலகத்திலிருந்து வரவில்லை. நமது லாரியிலிருந்தும் இறங்கிப் போகிறான். தனது கூலிக்காகப் போராடும் தொழிலாளி, அங்கே போய் இன்னொரு ஏழையின் மறுப்பைப் பணத்தைக் காட்டி உடைக்கிறான். நமது வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குள் நுழைகிறவனைக் கருங்காலி என்று நாம் சொல்கிறோமே, இவனை என்னவென்று சொல்வது? அதோடு நிற்கவில்லை. அங்கிருந்து அவன் வீட்டுக்கு வருகிறான். ஒன்றும் அறியாத மனைவி வியாதியை வாங்கிக்கொள்கிறாள். இந்த நாட்டில் கிருமி கண்ட பெண்களில் மிகப் பலர் தங்கள் புருஷனைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம்?

இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இதைப் பற்றிக் கேட்பது அவமானமல்ல. கேளுங்கள். நாளை மறுநாள் முதல் சங்க ஆபீசில் ஒரு பெட்டி வைக்கப்படும். யார் எடுத்தார்கள், எத்தனை எடுத்தார்கள் என்று யாரும் பார்க்கமாட்டார்கள், கேட்கமாட்டார்கள். கமிட்டி அங்கத்தினர்களே முதலில் பரிசோதனை செய்துகொள்வதென்றும் முடிவு செய்திருக்கிறோம். பிறருக்குச் சொல்வதை முதலில் நாம் செய்ய வேண்டும் அல்லவா?

சோனாகாச்சிப் பெண்கள் நம்மைவிட ஏழைகள். நம்மைவிட அதிகமாக அடிபட்டவர்கள். ஓட்டுக் கேட்க வந்தவர்கள்கூட அவர்கள் வாசலில் நின்று பேசக் கூசினார்கள். அவர்களாலேயே ஒன்றுபட்டு ஒரு கொள்ளைநோயை வாசலில் நிறுத்த முடிந்தது. தனித்தனியாக மறுத்தால் தோற்போம், சேர்ந்து மறுத்தால் ஜெயிப்போம் என்பதை நாம் கூலிப் போராட்டத்தில் கற்றோம். உயிர்ப் போராட்டத்திலும் அதுதான் உண்மை என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படிப்பினையை ஏற்றுக்கொள்வோம்! நமது லாரி ஸ்டாண்டுகளிலும் நமது வீடுகளிலும் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவோம்!